அம்மா வாசல் தாண்டிய பிறகுதான் சாப்பாடு

போன மாதம் எங்கள் மையத்தில் புதிதாகச் சேர்ந்த ஆறு பெண்களுக்குப் பயிற்சி நடந்தது. நான் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியும் என்னை விடமாட்டேன் என்கிறார்கள். வந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகும்படி கூப்பிட்டார்கள். இரண்டு வார்த்தையோடு நிறுத்துகிற ஆள் நான் இல்லை என்று தெரிந்தும் கூப்பிட்டார்கள் என்றால், குற்றம் அவர்களுடையது.

விதிப் புத்தகத்தின் நாலாம் பக்கம் வந்ததும் நந்தினி என்ற பெண் கையைத் தூக்கினாள். 'குழந்தையின் தாய் வீட்டு வாசலைத் தாண்டும் வரை பணியாளர் அந்த வீட்டில் எதையும் உண்ணவோ பருகவோ கூடாது' என்று அங்கே போட்டிருக்கிறது. ஒரு டீ குடித்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் ஒரு கிலோமீட்டர் நடந்து போகிறவளுக்கு ஒரு டம்ளர் மோர்கூடக் கிடையாது என்றால் கோபம் வரத்தான் செய்யும். கிருமிக்காக இருக்கும் என்றாள் ஒருத்தி. லஞ்சத்தைத் தடுக்க என்றாள் இன்னொருத்தி. இரண்டும் இல்லை. அந்த விதிக்குக் காரணம் என் வயிறு. அன்று அவர்களுக்குச் சொன்னதையும், நேரம் போதாமல் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் சாந்தாமணி. சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மில்லை மூடியபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. அடுத்த தெருவில் ஊனமுற்ற குழந்தைகளுக்கான பகல் நேர மையம் ஒன்று இருந்தது. அங்கே ஆயா வேலை காலி என்றார்கள், போய்ச் சேர்ந்தேன். குழந்தையை எப்படித் தூக்குவது, எப்படி உட்கார வைப்பது, வலிப்பு வந்தால் எப்படி ஒருக்களித்துப் படுக்க வைப்பது என்று ஆறு மாதம் சொல்லிக் கொடுத்தார்கள். மில்லில் அறுந்த நூலைச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்தவள் நான். அழுகையை வைத்துப் பசியா வலியா என்று கண்டுபிடிக்க வெகு நாள் ஆகவில்லை. பதின்மூன்று வருடம் அந்த மையத்திலேயே ஓடிவிட்டது.

மையத்துக்குப் பொறுப்பு லலிதா மேடம். கோயமுத்தூரில் நாலு தலைமுறையாக இருக்கும் தெலுங்குக் குடும்பம். வீட்டில் தெலுங்கு, வெளியே எங்களை விடச் சுத்தமான கொங்குத் தமிழ். இரண்டு வயதுக் குழந்தையிடம்கூட 'ங்க' போட்டுத்தான் பேசுவார். அவருக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, மரியாதைதான் ஏறும். "சாந்தாமணி" என்று கூப்பிட்டால் எல்லாம் நலம். "ஏனுங்க அம்மணி" என்று ஆரம்பித்தால் எங்களில் ஒருத்தி மாட்டிக்கொண்டாள் என்று அர்த்தம்.

மையத்துக்குத் தூக்கி வர முடியாத குழந்தைகள் எத்தனையோ பேர் வீட்டிலேயே கிடக்கிறார்கள், அவர்களுடைய அம்மாக்களும் கூடவே கிடக்கிறார்கள் என்பது மேடத்தின் வெகுநாள் கவலை. அதனால் வீட்டுத் துணை என்று ஒரு சேவையைத் தொடங்கினார். வாரத்தில் ஒரு நாள், மூன்று மணி நேரம், எங்களில் ஒருத்தி போய்க் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த மூன்று மணி நேரம் அம்மாவுக்குச் சொந்தம். தூங்கலாம், ரேஷன் கடைக்குப் போகலாம், சும்மா மரத்தடியில் உட்காரலாம். முதல் ஆளாக என்னை அனுப்பினார். முதல் வீடு பூங்கொடியின் வீடு.

சூலூர் தாண்டிப் பல்லடம் போகும் வழியில் ஒரு சின்ன ஊர். தெருவெல்லாம் தறிச் சத்தம். பூங்கொடியின் வீட்டுக்காரர் செந்தில் தறி ஓட்டுகிறவர், பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். அவர்களுடைய ஒரே பையன் கவின். ஒன்பது வயது. மூளை முடக்குவாதம். தானாக உட்கார முடியாது, பேச்சு வராது, ஆனால் எல்லாம் புரியும். வேண்டும் என்றால் கண்ணை மேலே தூக்குவான். வேண்டாம் என்றால் உதட்டை இறுக்கிக்கொள்வான். யாராவது பாத்திரத்தைக் கீழே போட்டால் அவனுக்குக் கொண்டாட்டம், உடம்பு முழுக்கச் சிரிப்பான். நான் போன அன்றே டம்ளரைத் தவறவிட்டேன். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதர்கள்.

அவன் பிறந்ததிலிருந்து பூங்கொடி அவனை விட்டுவிட்டு எங்கேயும் போனதில்லை. கோயிலுக்குக்கூட இல்லை. அப்படிப்பட்டவளுக்கு நான் ஓய்வு கொடுக்கப் போயிருந்தேன்.

முதல் வாரம் அரிசிம்பருப்புச் சோறு, மேலே நெய், தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய்ப் பொரியல். இரண்டாம் வாரம் சந்தகை என்கிற எங்கள் பக்கத்து இடியாப்பம், தேங்காய்ப் பாலோடு. மூன்றாம் வாரம் ஒப்பிட்டு, அதுதான் போளி. நாலாம் வாரம் நாட்டுக்கோழிக் குழம்பு. நான் போதும் என்பேன், அவள் இன்னொரு கரண்டி போடுவாள். நான் இலையின் குறுக்கே கையை வைப்பேன், அவள் விரல் சந்தில் ஊற்றுவாள். எங்கள் ஊரில் வேண்டாம் என்பதற்கு இன்னும் கொஞ்சம் என்று அர்த்தம். உண்ட மயக்கத்தில் கவின் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்வேன். என்ன அருமையான வேலை என்று நினைத்துக்கொண்டு மூன்றரை பஸ்ஸைப் பிடிப்பேன்.

ஒவ்வொரு வாரமும் மேடத்துக்கு ஒரு படிவம் எழுதித் தர வேண்டும். 'அந்த நேரத்தில் அம்மா என்ன செய்தார்' என்று அதில் ஒரு கேள்வி. நாலு வாரமும் 'சமைத்தார்' என்று ஒளிவு மறைவு இல்லாமல் எழுதியிருக்கிறேன். நாலாவது படிவத்தைப் படித்துவிட்டு மேடம் பூங்கொடிக்குப் போன் செய்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க அம்மணி, நீங்க வர்ற நாளுன்னா அந்தப் புள்ள காத்தால நாலு மணிக்கே எந்திரிச்சு ஊடு கழுவி, சந்தகை புழியறாளாமுங்க. மத்த நாள் ஆறு மணிக்குத்தான் எந்திரிக்கிறாளாம். இப்ப ஓய்வு அவளுக்குங்களா, உங்களுக்குங்களா?"

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. விருந்தாளி வந்தால் விட்டுவிட்டு வெளியே போக எங்கள் பக்கத்துப் பெண்ணால் முடியாது. நான் பராமரிக்க வந்தவளாக நுழையவில்லை, விருந்தாளியாக நுழைந்திருக்கிறேன். வாரத்தில் ஆறு நாள் கஷ்டப்பட்டவளுக்கு ஏழாவது நாள் நானும் ஒரு கஷ்டமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறேன்.

அடுத்த வாரம் தூக்குப் போசியில் என் சோற்றை எடுத்துக்கொண்டு போனேன். பூங்கொடி இலையைப் போட்டாள். சாப்பாடு கொண்டு வந்திருக்கிறேன் என்றேன். அவள் என் போசியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முகம் சுண்டிப் போயிற்று.

"எங்கூட்டுல கை நனைக்கக் கூடாதுன்னு யாராச்சும் சொன்னாங்களாங்க?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியின் கனம் எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். நான் சாதி பார்க்கிறேன், இல்லாவிட்டால் பையனைப் பார்த்து அருவருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். பயிற்சியில் சொல்லிக் கொடுத்த எதுவும் அப்போது நினைவுக்கு வரவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"சாப்பிடறேனுங் கண்ணு. ஆனா நீங்க ஒருக்கா வெளிய போய்ட்டு வந்துதான் எனக்குப் போடோணும். நீங்க வாசலைத் தாண்டற வரைக்கும் இங்க பச்சத்தண்ணி தொட மாட்டேன்."

மணி ஒன்று ஆயிற்று. ஒன்றரை ஆயிற்று. நான் கவினுக்குக் கால் நீவிக்கொண்டிருந்தேன். என் போசியையும் திறக்கவில்லை. விருந்தாளி பட்டினியாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்க முடியாமல் அவள் சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்தாள். கடைசியில் செருப்பைப் போட்டுக்கொண்டு விடுவிடுவென்று போனாள். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து, போய்விட்டு வந்தாயிற்று, சாப்பிடுங்கள் என்றாள். எங்கே போனாள் என்று பார்த்தால், வேலிப் பக்கத்து முருங்கை மரத்துக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். அவள் சேலை தெரிந்ததைக் கவினே கண்ணால் காட்டிக் கொடுத்தான். இருந்தாலும் வாசலைத் தாண்டியது தாண்டியதுதான். உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது. அடுத்த வாரம் மளிகைக் கடை. அதற்கடுத்து மாரியம்மன் கோயில். ஒரு நாள் சூலூருக்கு பஸ் ஏறிப்போய் இரண்டு ஜாக்கெட் துணி எடுத்து வந்தாள். நான் பசியோடு காத்திருப்பேன் என்பதால் ஓட்டமாகத்தான் வருவாள். அதனால் அவள் போனதும் நான் சாப்பிட்டுவிடுவது, அவள் வந்ததும் இருவரும் சேர்ந்து டீ குடிப்பது என்று ஒப்பந்தத்தைத் திருத்தினோம். மேடம் இதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். மறுநாளே விதிப் புத்தகத்தில் ஏற்றிவிட்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு நல்ல பெயர். முடியவில்லை.

தை மாதத்தில் பூங்கொடியின் தம்பி பிரகாஷுக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. கூறைப் புடவையின் ஒரு தலைப்பு மாப்பிள்ளை கையில், மறு தலைப்பு அவன் உடன்பிறந்தவள் கையில் இருக்க, சபை நடுவே அக்காளோ தங்கையோ அவனோடு சேர்ந்து நின்று செய்கிற சீர். பூங்கொடி ஒரே அக்கா. தாய் இறந்த பிறகு அவனை வளர்த்ததே அவள்தான். ஆனால் பல்லடம் மண்டபத்துக்குக் காலை ஐந்து மணிக்குப் போனால் திரும்பச் சாயங்காலம் ஆகும். கவினுக்கு மேளச் சத்தம் ஆகாது, உடம்பு விறைத்துவிடும். பிரகாஷ் வீட்டுக்கே வந்து, செல்போனில் மேளத்தை மெதுவாகப் போட்டுக் காட்டி, வருகிறாயா மாப்பிள்ளை என்று அவனையே கேட்டுப் பார்த்தான். கவின் உதட்டை இறுக்கிக்கொண்டான். கல்யாணம் முடிந்ததும் பெண்ணோடு இங்கே வருவதாக அவனிடம் சொல்லிவிட்டு, அக்காவைப் பார்த்து, நீ நிற்கத்தான் வேண்டும் என்று மட்டும் சொல்லிப் போனான். பூங்கொடி என்னைப் பார்த்தாள். நான் இருக்கிறேன் என்றேன்.

ஒத்திகையாக, கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் முன்பு அவள் காலையிலிருந்து மதியம் வரை பல்லடம் போய் வருவதாக ஏற்பாடு. கவினுக்கு மதியச் சாப்பாடு முதல் முறையாக என் பொறுப்பு. பதின்மூன்று வருடம் ஊட்டிய கை என்ற திமிர் எனக்கு. குழைத்த பருப்புச் சோறு ஒரு கிண்ணம். பாதியில் உதட்டை இறுக்கினான். அம்மா வந்து கிண்ணம் காலியா என்று பார்ப்பாளே என்று எனக்கு அவசரம். "இன்னொரு வாய் கண்ணு" என்றேன். மறுபடி இறுக்கினான். கொஞ்சிச் சிரிக்க வைத்து, வாய் திறந்த நேரத்தில் கரண்டியை உள்ளே விட்டேன். புரை ஏறிவிட்டது. முகம் சிவந்து, கண்ணில் நீர் வழிய, இருமல் நிற்காமல் வந்தது. முன்னால் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். இருமி இருமி அவனே வெளியே தள்ளிவிட்டான். அந்த நேரத்தில்தான் பூங்கொடி உள்ளே வந்தாள்.

அவள் திட்டவில்லை. பையனை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். அவன் மூச்சு சீரான பிறகு, இணைச்சீருக்குச் சித்தப்பா மகளைச் சொல்லிவிடுகிறேன் என்றாள். நான் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

மேடத்திடம் எதையும் மறைக்கவில்லை. "ஏனுங்க அம்மணி" வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. என்னை நாற்காலியில் உட்கார வைத்து, கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னார். தன் டிபனிலிருந்த தயிர்ச் சோற்றைக் கரண்டியால் எனக்கு ஊட்டினார். நாலு வாய் நன்றாக இருந்தது. ஐந்தாவதுக்கு வாயை மூடினேன். "இன்னொரு வாய் கண்ணு" என்று சிரித்துக்கொண்டே கரண்டியை உதட்டில் அழுத்தினார். கையைத் தூக்க முடியாது, பேச வாய் திறந்தால் சோறு உள்ளே வரும். என் வாழ்க்கையில் அவ்வளவு கோபம் எனக்கு வந்ததில்லை. மேடம் கரண்டியைக் கீழே வைத்தார்.

"நம்மூருல வேண்டாமுன்னா இன்னும் போடோணும். அது பேசறவங்களுக்கு. அவனுக்கு இருக்கறதே அந்த ஒரு வார்த்தைதானுங்க" என்றார்.

மறுநாள் காலை விடுமுறை போட்டுவிட்டுப் பூங்கொடி வீட்டுக்குப் போனேன். அவளிடம் பேசுவதற்கு முன் கவினிடம் உட்கார்ந்து, நீ வேண்டாம் என்றாய், நான் கேட்கவில்லை, தப்பு என்னுடையது என்றேன். அவன் என்னை ரொம்ப நேரம் பார்த்தான். கண்ணைத் தூக்கவும் இல்லை, உதட்டை இறுக்கவும் இல்லை. பெரிய மனுஷன், யோசிக்கிறான் என்று விட்டுவிட்டேன். பூங்கொடியிடம், எனக்குத் தெரியும் என்று நினைத்துதான் கெடுத்தேன், நீங்கள் முதலிலிருந்து சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டேன். இணைச்சீரைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஐந்து நாள் தொடர்ந்து போனேன். அவள் ஊட்டுவாள், நான் பார்ப்பேன். பிறகு நான் ஊட்டுவேன், அவள் பார்ப்பாள். முழங்காலுக்குக் கீழே சுருட்டிய துண்டு. தலை கொஞ்சம் முன்னால், தாடை தாழ்ந்து. கரண்டி மேலிருந்து வரக்கூடாது, நேராக, அவன் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வர வேண்டும். சோறு கரண்டியிலிருந்து ஒழுகக்கூடாது, கட்டியாக விழவும் கூடாது, மெதுவாகச் சரிய வேண்டும். தொண்டை அசைந்து இறங்கிய பிறகு ஐந்து எண்ண வேண்டும். சாப்பிட்ட பின் அரை மணி நேரம் படுக்க வைக்கக் கூடாது. பாதிக்கு மேல் எனக்கு முன்பே தெரிந்ததுதான். ஆனால் அந்த ஐந்து எண்ணிக்கையை எந்தப் பயிற்சியிலும் யாரும் சொன்னதில்லை. ஒன்பது வருடத்தில் அவளே கண்டுபிடித்தது. ஐந்தாம் நாள் அவன் பாதியில் உதட்டை இறுக்கினான். நான் கரண்டியைக் கிண்ணத்தில் போட்டு, கிண்ணத்தை மூடி, எழுந்துவிட்டேன். கவின் உடம்பு முழுக்கச் சிரித்தான். பூங்கொடி உள்ளே போய்த் தம்பிக்குப் போன் போட்டாள். சித்தப்பா மகளுக்குச் சொல்ல வேண்டாம் என்று சொல்வது எனக்குக் கேட்டது.

கல்யாணத்தன்று விடியற்காலையில் பூங்கொடியும் செந்திலும் கிளம்பினார்கள். பட்டுச் சேலையில் அவளை அடையாளம் தெரியவில்லை. மணிக்கொரு தரம் போன் செய்வேன் என்றாள். பஸ் ஏறும் முன் ஒரு போன், இறங்கியதும் ஒரு போன், ஏழரைக்கு ஒரு போன். மூன்று தடவையும் நன்றாக இருக்கிறான் என்றேன். பத்து மணிக்கு லலிதா மேடம் தன் டிபன் டப்பாவோடு வந்து இறங்கினார். முழு நாள் என்றால் இரண்டு பேர் இருக்க வேண்டும் என்பதும் அவர் போட்ட விதிதான், ஆனால் இரண்டாவது ஆளாக அவரே வருவார் என்று நான் நினைக்கவில்லை. பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு டம்ளராகக் கீழே போட்டுக் கவினைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு எடுத்துப் போனேன். முதல் வாய்க்கே உதட்டை இறுக்கிவிட்டான். மூடி வைத்தேன். ஒரு மணிக்கும் அப்படியே. எனக்கு உள்ளே பதறியது. மேடம் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போன் வந்தால் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆனால் போன் வரவில்லை. இரண்டு மணிக்குக் கவின் கிண்ணத்தைப் பார்த்துக் கண்ணைத் தூக்கினான். வாய்க்கு ஐந்து எண்ணி எண்ணி, முக்கால் கிண்ணம் சாப்பிட்டான். மீதியை மூடி வைத்தேன்.

மூன்று மணிக்கும் போன் இல்லை. ஏழரைக்குப் பிறகு ஒன்றுகூட இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. கவினைப் பற்றிய கவலை போய், அவர்களுக்கு என்ன ஆயிற்றோ என்ற கவலை வந்தது. நாங்கள் கூப்பிட்டால் அவள் பயந்துவிடுவாள் என்று மேடம் தடுத்தார். நாலரைக்கு வாசலில் சத்தம் கேட்டது.

பூங்கொடி உள்ளே வந்தாள். தலையில் பூ, முகமெல்லாம் களை. பையனைப் பார்த்ததும் அப்படியே நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். கிட்டே வரவில்லை. அழ ஆரம்பித்தாள். மண்டபத்தில் ஏதாவது பேச்சு வந்துவிட்டதோ என்று நான் செந்திலைப் பார்த்தேன். அவர் ஒன்றும் புரியாமல் நின்றார்.

"அக்கா, இணைச்சீருக்கு நின்னனுங்க. அப்பறம் தாலி கட்டினான், பந்தில பரிமாறினேன், எல்லாத்துகூடயும் சிரிச்சுப் பேசிட்டிருந்தனுங்க. பஸ்ஸுல ஏறி உக்காந்தப்பறந்தான்... ஏழரைக்குப் போன் போட்டதுக்கப்பறம் எம்பையன் நெனப்பே எனக்கு வரலைங்க. ஒருக்காகூட வரலைங்க. நானெல்லாம் ஒரு தாயிங்களா?"

மேடம் பேசுவார் என்று பார்த்தேன். அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். நான் எழுந்து போய் அவள் கையைப் பிடித்தேன்.

"அதுக்குத்தானுங் கண்ணு நான் வந்தது. நீங்க மணிக்கொருக்கா போன் போட்டிருந்தீங்கன்னா, நான் வந்ததே தெண்டமாயிருக்கும்."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவன் அவள் தலையில் இருந்த பூவைப் பார்த்துக் கண்ணைத் தூக்கினான். ஒரு சரத்தைக் கிள்ளி அவன் நெஞ்சில் வைத்தாள். அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் கேட்டாள்.

"வர்ற வெள்ளிக்கெழம பொண்ணூட்டுல மறுவூட்டு விருந்துங்க. பொள்ளாச்சில. பையனப் பாத்துக்க அன்னைக்கும் வாரீங்களாக்கா?"